எதிர்க்காற்று ஃபெர்கஸ்

"போகும்போதும் எதிர்க்காத்து, வரும்போதும் எதிர்க்காத்து! இந்த ரோட்டுக்கு என் மேல என்ன கோபமோ?"

குளிர்காலம் முழுக்க, பொழுது இருட்டும் மூன்றரை மணிக்கு, சமையலறைக் கதவைத் தள்ளிக்கொண்டு ஃபெர்கஸ் சொல்லும் வாக்கியம் இது. மனைவி இஷ்பெல் சூப் கிளறுவதை நிறுத்தமாட்டாள். யார் போகச் சொன்னது? அதைக் கேட்கக் கூடாது. இது தனி ரகம்: குளிர்கால சைக்கிள் வீரர். ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் ஊருக்கு ஒருவர் உண்டு. காரே முனகிக்கொண்டு ஏறும் கடலோர மேட்டில், ஆலங்கட்டி மழை முகத்தில் அறைய, ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம், நடுவில் நகர மறுக்கும் ஆடு என்று இருக்கும் ஜனவரியில்தான் இவருக்குச் சைக்கிள் ஆசை வரும். கோடையில்? முட்டி வலி.

ஊர்ப் பப்பில் இவருக்கிருக்கும் ஒரே மரியாதை ஒரு வாக்கியத்தில் தொங்குகிறது. "இருபது வருஷமா அந்த மேட்டுல நான் காலை ஊனினதே இல்ல."

பொய். வளைவு மறைத்ததும் இறங்கித் தள்ளுவார். வண்டிச் சத்தம் கேட்டால் தாவி ஏறி மிதிப்பார். இஷ்பெலுக்குத் தெரியாதா? சைக்கிள் மிதிப்பவர் ஷூ, அடியில் இப்படியா தேயும்?

போன செவ்வாய் எதிரே தபால் வேன். தாவி ஏறினார். ஒற்றை வண்டி மட்டுமே போகும் ரோடு. வழி விட்டவருக்குக் கை தூக்காதவனோடு ஊரே பேசாது. தபால்காரி ஈனா ஒதுங்கி நின்று கை தூக்கினாள். இவரும் தூக்கினார். அவ்வளவுதான். சைக்கிள் ரோட்டில், இவர் சேற்றுப் பள்ளத்தில் மல்லாக்க. தூக்கிய கை மட்டும் இறங்கவில்லை.

"ஈனா, வெளிய சொல்லிராத தாயி. கடைசி வளைவுல இறக்கி விட்டுரு."

சைக்கிளோடு வேனில் ஏற்றிப்போய் இறக்கிவிட்டாள். கையோடு இஷ்பெலுக்குப் போனும் போட்டுவிட்டாள்.

"எதிர்க்காத்து!" என்று நுழைந்தார் வீரர். "ஆனாலும் காலை ஊனல."

"ஆமா, முதுகைத்தானே ஊனியிருக்கே. கோட்டைக் கழட்டு, இப்பத்தான் தரையைத் துடைச்சேன்."

முகம் தொங்கிப்போனது. "பப்புல சொல்லிருவியா?"

"சொன்னா நீ வீட்டுலயே உக்காந்துருவே. நாள் பூரா உன்னை யார் சகிக்கிறது? சூப்பைக் குடி. நாளைக்கும் போ."

சிரிக்கிறீர்களா? காலை நடையில் தெரிந்த முகம் வந்ததும் தொந்தியை எக்கிக்கொண்டு வேகமெடுக்கிறவர் யாராம்? சரி, அந்தப் பக்கம் போனால் இருவரையும் ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள். வளைவுக்கு முன்னால் மட்டும் மறக்காமல் ஹார்ன் அடியுங்கள். பாவம், ஏறி உட்கார நேரம் வேண்டாமா?