எழுபதை ஏழால் வகுத்த கதை

ஒன்றுமே தெரியாதவனால் உலகத்துக்குப் பெரிய ஆபத்து கிடையாது. அவன் வாயை மூடிக்கொண்டு பிழைத்துவிடுவான். பல் டாக்டரின் வரவேற்பறையில், அட்டை கிழிந்த ஆங்கிலப் பத்திரிகையில் அரைப் பக்கம் படித்தவன்தான் ஆபத்தானவன். எழுபதுகளின் தொடக்கத்தில் கல்கத்தாவில் அப்படி ஒரு ஆசாமி நடமாடிக்கொண்டிருந்தான். கிடர்பூர் துறைமுகத்தில் கிளார்க், வயது இருபத்தாறு, தலை நிறைய எண்ணெய், தலைக்குள்ளே அந்த அரைப் பக்கம். வேறு யார், நான்தான்.

அரைப் பக்கத்தின் சாரம் இதுதான்: நாயின் ஒரு வயது மனிதனின் ஏழு வயதுக்குச் சமம். ஏழாம் வாய்ப்பாடு தெரிந்தால் போதும் என்பதால் இந்த விஞ்ஞானம் எனக்கு மிகவும் பிடித்துப்போனது. மெஸ்ஸில், டிராமில், ஆபீஸில் என்று அகப்பட்டவர்களிடமெல்லாம் ஒப்பித்தேன். (எனக்கு நாய் கிடையாது. நாயைக் கண்டால் எதிர்ப் பிளாட்பாரத்துக்குப் போய்விடுகிற வீரன் நான்.)

அப்போதுதான் எனக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. மனைவி ஜெயா திருச்சியில் அவள் பிறந்த வீட்டில் இருந்தாள். "மெஸ்லயெல்லாம் எம் பொண்ணைக் குடி வைக்க முடியாது மாப்பிள்ளை. வீடு பாத்துட்டுச் சொல்லுங்க, அனுப்பறேன்" என்று மாமனார் கறாராகச் சொல்லிவிட்டார். ஞாயிறுதோறும் வீடு தேடி அலைந்தேன். ஒரு வீட்டில் தண்ணீர் இல்லை, இன்னொன்றில் ஜன்னல் இல்லை, இரண்டும் இருந்த வீட்டில் மதராஸிக்கு இடம் இல்லை. கடைசியில் பவானிபூரில் ஒரு மாடிப் போர்ஷன் காலி என்று தெரிந்தது. அதையும் கோட்டை விட்டால் ஜெயா தலைப் பொங்கலைத் தனியாகத்தான் கொண்டாட வேண்டும்.

வீட்டுக்கார அம்மாள் வயதான விதவை. தெருவே அவரை மாஷிமா என்றுதான் அழைத்தது. நம்மூர்ச் சித்தி மாதிரி. கூடத்தில் உட்காரவைத்து டீ கொடுத்தார். வராந்தாவில் ஒரு சாய்வு நாற்காலி. அதில் விரித்த செய்தித்தாளும், அதன் அடியில் இரண்டு கால்களும் தெரிந்தன. மாடிப்படியின் கீழே செம்பட்டை நாய் ஒன்று தூங்கிக்கொண்டிருந்தது.

வாடகை பேசி முடிந்தது. அப்புறம் மாஷிமா கொஞ்சம் தயங்கினார். (அவர் வங்காளத்தில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.)

"லால்ட்டுவை மட்டும் நீ பொறுத்துக்கணும் பாபா. மாடிப்படில யாராவது திடுதிடுன்னு ஏறினா உடனே கத்தற சுபாவம். இந்தத் துர்கா பூஜோ வந்தா எழுபது."

லால் என்றால் சிவப்பு என்பது எனக்குத் தெரியும். கண்ணெதிரே செம்பட்டை நாய். அதோடு எழுபது என்று காதில் விழுந்ததும் எனக்குப் புல்லரித்தது. நாயின் வயதை மனிதக் கணக்கில் சொல்கிற குடும்பமா! இவர்களும் அந்தப் பத்திரிகையைப் படித்திருக்கிறார்கள் என்று பூரித்துப்போனேன்.

"அப்போ நிஜ வயசு பத்து" என்றேன், மனத்துக்குள் வகுத்து.

மாஷிமா விழித்தார். என் வங்காளத்தின் லட்சணம் அப்படி என்று நினைத்திருப்பார்.

"பல்லெல்லாம் இருக்கா மாஷிமா?"

"மேல் வரிசை முழுக்கப் போச்சு. கண்ணும் மங்கல். ராத்திரிச் சோறு மட்டும் குறையறதில்லை."

என்னை யாரும் யோசனை கேட்கவில்லை. அரைப் பக்கம் படித்தவனை யாராவது கேட்க வேண்டுமா என்ன? "ராத்திரி சோறே கூடாது. பால் ஊத்தினா போதும். சோபா மேலயெல்லாம் ஏற விடாதீங்க, அப்புறம் பழகிடும். ரொம்ப முடியாமப் போச்சுன்னா ஊசி போட்டுடலாம். எங்க ஆபீஸர் வீட்டுல அப்படித்தான் செஞ்சாங்க. ஒரே நிமிஷம், நிம்மதியாப் போயிடுச்சு."

"லால்ட்டுவுக்கா? ஊசியா?"

"பத்து வயசுக்கு மேல வச்சுக்கிட்டு என்ன செய்யப் போறீங்க?"

வராந்தாவில் செய்தித்தாள் மெல்ல இறங்கியது. பின்னாலிருந்து சிவந்த, பொக்கை வாய் முகம் ஒன்று வெளிப்பட்டது.

"பதினொண்ணு வரைக்குமாவது எனக்கு அவகாசம் உண்டா?" என்று கேட்டது.

மாஷிமாவின் தம்பிதான் லால்ட்டு. பிறந்தபோது செக்கச்செவேலென்று இருந்தாராம், அதனால் அந்தச் செல்லப் பெயர். வங்காளிகளுக்கு எழுபது வயதானாலும் செல்லப் பெயர் உதிர்வதில்லை. தமிழாக இருந்தால் 'அவன்', 'அது' என்று ஏதாவது ஒன்று காட்டிக்கொடுத்திருக்கும். வங்காளத்தில் தம்பிக்கும் 'ஓ'தான், நாய்க்கும் 'ஓ'தான். இலக்கணத்தின் மேல் பழியைப் போட்டு என்ன பயன்? முட்டாள்தனத்துக்கு எல்லா மொழியும் ஒன்றுதான்.

லால்ட்டு மாமா இன்சூரன்ஸ் கம்பெனியில், மனிதர்கள் எந்த வயதில் சாவார்கள் என்று கணக்குப் போட்டே ரிட்டயர் ஆனவர். என் பெருக்கல் விதியைத் துருவித் துருவிக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"நாய் ஒரு வயசுல குட்டி போடும். உங்க மதராஸ்ல ஏழு வயசுல பிள்ளை பெத்துக்கறாங்களா?"

ஏழாம் வாய்ப்பாட்டை மனத்துக்குள் ஒரு தடவை சரிபார்த்தேன்.

"முதல் வருஷத்துலயே அதுக்கு வாலிபம் வந்துடும். அப்புறம்தான் வேகம் குறையும். சின்ன ஜாதி நாய் பதினஞ்சு வருஷம் ஓடும், பெரிய ஜாதி பத்துக்குள்ளயே தளர்ந்துடும். எல்லாத்துக்கும் ஒரே ஏழா? உன்னை எங்க கம்பெனில சேர்த்திருந்தா நாங்க திவால்."

"இந்த நாய்க்கு..." என்று படியடியைக் காட்டினேன்.

"அது யார் வீட்டு நாயோ. வெயிலுக்கு வந்து படுத்திருக்கு."

எழுந்துகொண்டேன். பொங்கல், ஜெயா, மாடிப் போர்ஷன் எல்லாம் ஒரேயடியாகக் கையை விட்டுப் போனது தெரிந்தது. உண்மையிலேயே அழுகை வந்தது.

வாசலைத் தாண்டுவதற்குள் பின்னால் சிரிப்புச் சத்தம். மாஷிமா சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினார். "ராத்திரி சோறு கூடாதுன்னு சொன்னியே, அது ஒண்ணு போதும். டாக்டர் சொல்லியாச்சு, நானும் தொண்டை கிழியக் கத்தியாச்சு, கேட்டாத்தானே. வீடு உனக்குத்தான்."

வீடு மாஷிமாவினுடையது. லால்ட்டு மாமாவின் வாக்கு அங்கே செல்லாது. அதற்கு அவர் வேறு வழியில் பழி தீர்த்துக்கொண்டார். நான் மாடி ஏறும்போதெல்லாம் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து இரண்டு தடவை குரைப்பார். டிரங்குப் பெட்டியோடு ஜெயா முதன்முதலாகப் படியேறிய அன்றும் குரைத்தார். அவள் அலறிப் பெட்டியைக் கீழே போட, மாஷிமா ஓடிவந்து கதை முழுவதையும் அபிநயத்தோடு சொன்னார். ஜெயாவுக்கு அப்போது வங்காளத்தில் ஒரு வார்த்தை தெரியாது. ஆனாலும் ஒன்று விடாமல் புரிந்துகொண்டாள்.

சென்ற ஆண்டு எனக்கு எழுபது பூர்த்தியானது. மேல் வரிசைப் பற்கள் இப்போது கிளாஸ் டம்ளரில் தூங்குகின்றன. அன்று இரவு தட்டைப் போட்டு உட்கார்ந்தால் சோறு வரவில்லை. ஒரு கிண்ணத்தில் பால் வந்தது.

"என்ன இது?"

"பத்து வயசு முடிஞ்சாச்சே" என்றாள் ஜெயா.

கோபித்துக்கொண்டு சோபாவில் போய் உட்கார்ந்தேன். "அதுலேர்ந்து எறங்குங்க, அப்புறம் பழகிடும்" என்றாள்.

"மூணாவது யோசனையையும் சொல்லிடு. ஊசி எப்போ?"

அவள் கிண்ணத்தை என் கையில் கொடுத்தாள். "பதினொண்ணு வரைக்கும் அவகாசம் தரேன்."

பதினொன்று என்றால் எழுபத்தேழு. அந்தத் தப்புக் கணக்கை முதல் தடவையாக நன்றியோடு நினைத்துக்கொண்டு, பாலைக் குடித்தேன்.