கோர்ஸின் நாலாவது காதல்

தாம்பரத்துக்குத் தெற்கே, காதலித்துக் காதலித்தே அறிவாளியான ஒரே ஆள் எங்கள் 'கோர்ஸ்'தான்.

செம்பாக்கத்தில் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் அவனையும் சேர்த்து நாங்கள் நாலு பேர் வாடகைக்கு இருந்தோம். அவனுக்கு எந்தப் பெண்ணைப் பிடித்தாலும், அவளுக்குப் பிடித்ததைக் கற்றுக்கொள்ள உடனே ஒரு வகுப்பில் சேர்ந்துவிடுவான். 'கோர்ஸ்' என்று பெயர் வந்த கதை அதுதான்.

ஆபீஸில் ஒரு தெலுங்குப் பெண்ணைப் பார்த்தான். ஒன்றரை மாதத்தில் தெலுங்கு பேசினான். அவள் ஹைதராபாத்துக்கு மாற்றலாகிப் போனாள். சர்ச்சில் பாடும் ஒருத்தியைப் பார்த்தான், கீபோர்டு கற்றான். அவள் கல்யாணத்துக்கு இவன்தான் வாசித்தான். மூன்றாவது பெண் ஏரிக்கரையில் ஓடுகிறவள். இவனும் ஓடினான். ஈடுகொடுக்க முடியாமல் கடைசிவரை அவள் முதுகை மட்டுமே காதலித்தான்.

"எப்படிடா ஒவ்வொரு தடவையும் இதான் உண்மையான லவ்வுங்கற?" என்று கேட்டேன்.

"சாப்பாடே இறங்கல மச்சான். வேற என்ன ப்ரூஃப் வேணும்?" என்றபடி மூன்றாவது பரோட்டாவைப் பிய்த்தான்.

பிறகு மாடி போர்ஷனுக்கு மலர் குடிவந்தாள். கேளம்பாக்கத்தில் வேலை. முதல் வாரமே மொட்டைமாடியில் கேட்டுவிட்டான்.

"உங்களுக்கு என்னங்க பிடிக்கும்?"

"தூங்கப் பிடிக்கும்."

ஆள் இடிந்துபோனான். தூங்கச் சொல்லிக்கொடுக்க எங்கேயும் வகுப்பு இல்லை. "அப்ப இது லவ் இல்ல மச்சான்" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டான்.

அடுத்த மாதம் மலருக்கு அம்மை போட்டது. கூட இருந்த தோழி பயந்து ஊருக்கு ஓடிவிட்டாள். மலரின் அம்மாவோ ஊரில் கால் எலும்பு முறிந்து படுத்திருந்தார். ஹவுஸ் ஓனர் வாசலில் நின்று, "மேல யாரும் போவாதீங்கபா, பேஜாராப் பூடும்" என்று எச்சரித்தார். கோர்ஸ் இளநீரோடு மாடியேறினான்.

பத்து நாள் கஞ்சி, மாத்திரை, வேப்பிலை.

"டேய், உனக்கு இதுவரை அம்மை வந்ததே இல்லையே!" என்று படியில் மறித்தேன்.

"இல்லதான். வழிய விடு மச்சான், கஞ்சி ஆறுது."

அந்தப் பத்து நாளும் காதலைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. எங்களுக்கே கவலையாகிவிட்டது.

மலர் எழுந்து நடமாடினாள். கோர்ஸ் படுத்தான். அவனிடமிருந்து வாங்கிக்கொண்டு நாங்கள் மூன்று பேரும் வரிசையாகப் படுத்தோம். நாலு தடியன்கள் வேப்பிலைமேல் புரண்டுகொண்டிருக்க, மலர் ஒரு தூக்குவாளிக் கஞ்சியோடு இறங்கி வந்தாள்.

"சொறியாதீங்க, தழும்பு விழும்" என்றாள் கோர்ஸிடம்.

"விழுந்தா என்னைப் பிடிக்காதா?"

"இப்ப மட்டும் லட்சணமாவா இருக்கீங்க?"

சொல்லிவிட்டு, அவன் சொறிய முடியாதபடி கையைப் பிடித்துக்கொண்டாள். கஞ்சி தீர்ந்த பிறகும் விடவில்லை. நாங்கள் மூன்று பேரும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தோம்.

இப்போது அவர்கள் சிங்கப்பெருமாள் கோவில் ஊரில் குடித்தனம். என் இடது கன்னத்தில் ஒரு சின்ன அம்மைக் குழி தங்கிவிட்டது. மறைப்பதற்கு நல்ல க்ரீம் இருக்கிறதாம். நான் வாங்கவில்லை.