மாமியார் அறைக்கு மேலே ஒரு கூடு

மரம் வெட்ட வந்த ரஸ், ஓடவிட்ட ரம்பத்தை மரத்தில் வைக்காமலே நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தான்.

"என்னடா ஆச்சு?" என்றான் டெல்மர்.

"மேல பாரு."

டெல்மர் வீட்டை ஒட்டி ஆற்றங்கரையில் தொண்ணூறு அடிக்கு நின்ற காட்டன்வுட் மரத்தின் உச்சிக் கவட்டையில் வெண்தலைக் கழுகு ஒரு ஜோடி. ஒன்றின் அலகில் குச்சி.

"கூடு கட்டுது. இனிமே நான் தொட மாட்டேன்."

"ஒரே ஒரு குச்சிடா!"

"ஒரு குச்சியோ ஒம்போது குச்சியோ, கழுகுக் கூட்டுல கை வெச்சா கம்பி எண்ணணும். எனக்குப் பதிலா நீ எண்ணுவியா?"

ரம்பத்தை வண்டியில் போட்டுக்கொண்டு ரஸ் போயே போய்விட்டான்.

டெல்மர் மரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டான். மரம் கிடக்கட்டும், அதை வெட்டிவிட்டு அந்த இடத்தில்தான் மாமியார் ஹெடிக்கு ஒரு அறை கட்டுவதாக ஏற்பாடு. எழுபத்தாறு வயசில் அவள் அரை மைல் தள்ளித் தனியாக இருக்கிறாள். "அம்மாவை நம்மளோட வெச்சுக்கலாங்க" என்று மனைவி ரோவீனா சொன்னபோது, "சரி" என்று சொல்ல டெல்மர் அரை நிமிஷம் எடுத்துக்கொண்டான். பாவி மனுஷன், அந்த அரை நிமிஷத்தை அவள் இன்னும் மறக்கவில்லை.

"இப்ப சந்தோஷந்தானே?" என்றாள் ரோவீனா ஜன்னலிலிருந்து.

"கழுகு வந்ததுக்கு நான் என்னடி பண்ணுவேன்?"

மறுநாள் காலையில் மரத்தடிக்குப் போனவன் திகைத்து நின்றான். ஏழெட்டு சால்மன் மீன் தலைகள். முட்டையிட்டுச் செத்த மீன் குளிர்காலத்தில் கரையெல்லாம் ஒதுங்கும்தான். அதற்காக ஆற்றுத் தண்ணீர் நாற்பது அடி மேலேறி வந்து மரத்தடியில் வரிசையாக அடுக்கிவிட்டா போகும்? எவன் பார்த்த வேலை இது என்று திட்டிக்கொண்டே எல்லாவற்றையும் வாளியில் அள்ளினான்.

"ஓஹோ! விருந்து நடக்குதோ?" பின்னால் ரோவீனா.

"போடலடி, எடுக்கிறேன்!"

"கையில வாளி, வாளியில மீனு, தலைக்கு மேல கழுகு. எனக்கென்ன கண்ணு பொட்டையா?"

எடுத்ததைக் குப்பையில் கொட்டிவிட்டுப் பேசாமல் வேலைக்குப் போயிருக்கலாம். போகவில்லை. படகில் ஏறி, ஆற்று நடுவிலிருக்கும் மணல்திட்டில் கொட்டிவிட்டு வந்தான். அங்கேயே தின்னட்டும், அங்கேயே குடித்தனம் நடத்தட்டும் என்று கணக்கு.

தின்ன வந்தது ஒரு ஜோடி இல்லை, ஆற்றிலிருந்த கழுகெல்லாம் வந்தது. தின்ற கழுகு ஆற அமர உட்கார உயரமான மரத்தைத் தேடும். அந்தப் பக்கத்தில் உயரமான மரம் ஒன்றே ஒன்றுதான் உண்டு.

மத்தியானம் அதில் பதினோரு கழுகு.

எங்கள் ஊரில் கழுகைக் கண்டவன் முதலில் தபால் நிலைய வாசல் பலகையில் எழுதுவான், அப்புறம்தான் பெண்டாட்டியிடம் சொல்வான். 'டெல்மர் வீடு, 11' என்று எழுதியவர் கழுகுக் கணக்கெடுப்புத் தலைவர் கான்ராட். அரை மணி நேரத்தில் டெல்மர் வீட்டு முற்றத்தில் நாற்பது பேர், மடக்கு நாற்காலியும் பைனாகுலரும் பிளாஸ்க் காபியுமாக.

"நீ படகுல போய் மீன் போட்டதை நானே கண்ணால பார்த்தேம்ப்பா!" என்று கான்ராட் அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். "உன்னை மாதிரி நாலு பேர் இருந்தா இந்த ஆறு உருப்பட்டுடும்!"

வாசற்படியில் நின்ற ரோவீனா எல்லாவற்றையும் கேட்டாள். கதவை அறைந்து சாத்தினாள்.

சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுப்பதில் டெல்மருக்கு நிகர் டெல்மர்தான். கூட்டம் கலைந்ததும் ஒரு கழியில் பழைய கோட்டை மாட்டி, கழுத்தில் சிவப்புக் கம்பளிச் சால்வை சுற்றி, மரத்தருகே பொம்மை ஒன்றை நட்டான். அது ஹெடி தன் கையால் பின்னிக் கொடுத்த சால்வை என்பது சுற்றும்போது அவனுக்கு உறைக்கவில்லை.

விடிந்ததும் பார்த்தால் பொம்மை கழுத்தில் சால்வை இல்லை. அது கூட்டிலிருந்து சிவப்பாக எட்டிப் பார்த்தது.

கான்ராட் ஓடி வந்தார். "பொம்மை வெச்சு விரட்டுறியேன்னு புகார் எழுதத்தான் கிளம்பினேன். நீ குஞ்சுக்கு மெத்தை குடுத்திருக்கிறதைப் பார்த்ததும் மனசு கரைஞ்சு போச்சுப்பா!" கையோடு கொண்டுவந்த பலகையை முற்றத்தில் அடித்து நட்டார்: 'கழுகுக் கூடு. நெருங்காதீர்.'

"அப்போ நான் கட்டப்போற அறை?"

"அறையாவது கொட்டகையாவது! செங்கல்லு நகரக் கூடாது."

"எத்தனை நாளைக்கு?"

"வருஷா வருஷம் இதே கூட்டுக்குத்தான் வரும். இருபது வருஷம், முப்பது வருஷம்..."

ரோவீனா திட்டியிருந்தால் டெல்மர் தாங்கியிருப்பான். அவள் அழுதாள்.

"எங்கம்மா வேணாம்னா வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே. அவங்க பின்னின சால்வையைக் கழுகுக்கு விரிக்கணுமா? இருபத்திரெண்டு வருஷமா உங்களை நல்லவருன்னு நம்பினேனே!"

இனி ஹெடியே வந்து பரிந்து பேசினால்தான் உண்டு. டெல்மர் வண்டியை எடுத்துக்கொண்டு மாமியார் வீட்டுக்கு ஓடினான்.

"அத்தை, நீங்க வரக் கூடாதுன்னு நான் கனவுலகூட நினைக்கல. மரத்தடியில அந்த மீனை நான் போடல. சத்தியமா நான் போடல! ரோவீனா என் மூஞ்சியையே பார்க்க மாட்டேங்கிறா. நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லணும்."

ஹெடி எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள். திரும்பி வந்து அவன் கையை ஆதரவாகப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குத் தெரியாதா மாப்பிள்ளை, நீங்க எழுந்திருக்கிறதுக்கு முன்னாடி தினம் வந்து போட்டவளே நான்தானே, இந்த வீட்டை விட்டுட்டு எவ வருவா? ஆனா பெத்த பொண்ணு, நிஜம் தெரிஞ்சா மனசு ஒடஞ்சிருவா... நீங்கதான்னு ஏற்கெனவே நம்பிட்டால்ல, அப்படியே இருந்துட்டுப் போகட்டுமே!"