பதினெட்டுக் காலடிக்குள் யாரும் நிற்கக்கூடாது

வீட்டில் ரேடியோவே இல்லாத ஒருவன், அதன் கதிர்வீச்சிலிருந்து அயலவரைக் காப்பாற்றப் போய் இரண்டு இரவு பொலிஸ் நிலையத்தில் படுத்தான் என்றால் நம்பமாட்டீர்கள். படுத்தவன் நான்தான்.

யுத்த காலத்தில், கொழும்பு வெள்ளவத்தையில் இருந்துகொண்டு, யாழ்ப்பாணத்தில் பிறந்த ஒருவன் பொழுதுபோக்கு வயர்லெஸ் லைசென்ஸ் பரீட்சைக்கு விண்ணப்பித்தது முதல் முட்டாள்தனம். (சட்டப்படியான முட்டாள்தனம். ரசீது இருந்தது.) அக்காவும் அத்தானும் இருந்த பிளற்றில் நானும் ஒண்டியிருந்தேன். பரீட்சைப் புத்தகத்தில் மற்றவர்கள் கொட்டாவியோடு புரட்டும் ஓர் அதிகாரம் என்னைப் பிடித்துக்கொண்டது. அன்ரனா அனுப்பும் அலை பக்கத்தில் நிற்பவரின் உடலைச் சூடாக்கலாம். ஆகவே சுற்றிலும் யார், எவ்வளவு தூரத்தில், எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று முன்கூட்டியே குறித்துக்கொள்ளவேண்டுமாம்.

குறித்தேன். அன்ரனா வரப்போகும் மொட்டைமாடி மூலைக்கு நேர் கீழே எங்கள் கேற். அங்கிருந்து காலடியால் அளந்தேன். புத்தகம் சொன்ன தூரத்தை, மனிதாபிமானத்தால் மூன்று மடங்காக்கி, தாளில் தெருவைப் படமாக வரைந்து, பதினெட்டுக் காலடியில் சிவப்பு வட்டம் கீறினேன். எதிர்வீட்டு ஆன்ரியின் குசினி வட்டத்துக்கு வெளியே, தப்பினார். சந்தியில் மணல்மூட்டை அடுக்கிய காவலரண், அதுதான் சென்றி, பதினேழு. உள்ளே. அந்தக் காவலருக்காக நான் உண்மையாகவே வருந்தினேன். அவர் எத்தனை மணிக்கு வருகிறார், எப்போது தேத்தண்ணி குடிக்கப் போகிறார், எப்போது ஆள் மாறுகிறது என்று ஒரு கிழமை ஜன்னலில் நின்று எழுதிவைத்தேன்.

வீடு வீடாகச் சோதனை வந்தபோது படம் மேசையில் கிடந்தது.

இன்ஸ்பெக்டர் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். நானும் அப்போதுதான் அதை முதன்முதலாகப் பார்த்தேன். சிவப்பு வட்டம். அதற்குள் ஒரு சென்றி. பக்கத்தில் காவலர் வந்துபோகும் நேரசூசி. மேலே, ஆங்கிலத்தில், என் அழகான கையெழுத்தில்: 'ஆபத்து வலயம்'.

எனக்குச் சிங்களம் போதாது. அத்தானைப் பார்த்தேன்.

"அத்தான், இந்த வட்டத்துக்குள்ளை நிக்கிற ஆக்களின்ரை உடம்பு சூடாகும், அதுதான் அளந்தனான் எண்டு சொல்லுங்கோ."

அத்தான் என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "இதை நான் சிங்களத்திலை சொன்னால் என்னையும் ஏத்துவாங்கள்."

ரேடியோவைத் தேடினார்கள். அரிசி வாளிக்குள்ளும் கையை விட்டார்கள். இல்லாத பொருளை இல்லை என்று நிரூபிக்க எனக்குத் தெரியவில்லை. ஒளித்துவைத்திருக்கிறேன் என்று முடிவாகி, ஜீப்பில் ஏற்றினார்கள். அந்த நாட்களில் ஜீப்பில் ஏறியவர்கள் எல்லோரும் திரும்பி வந்ததில்லை. கதவு நிலையைப் பிடித்தபடி நின்ற அக்காவுக்கு அது தெரியும்.

மூன்றாம் நாள், ரசீதையும் புத்தகத்தையும் தூக்கிக்கொண்டு அத்தான் வந்தார். ஆங்கிலம் தெரிந்த பெரிய அதிகாரி ஒருவர் அந்த அதிகாரத்தை முழுவதும் வாசித்தார். சிரிக்கவில்லை. சென்றிக்காரரைக் கூப்பிட்டு, படத்தைக் காட்டி, ஏதோ கேட்டார். பிறகு என்னைப் போகச் சொன்னார்.

பரீட்சைக்கு நான் போகவில்லை. இன்றைக்கும் திரைச்சீலை அளக்க வேண்டுமென்றால் அக்கா அளவு நாடாவை என் கையில் தரமாட்டாள். அத்தான் அதை வாங்கித் தன் பொக்கற்றுக்குள் வைத்துவிடுவார்.

அன்று வீடு திரும்பும்போது சென்றியில் அதே காவலர் நின்றார். அடையாள அட்டையை நீட்டினேன். அவர் அதைப் பார்க்கவில்லை. தம்பி என்பதை மட்டும் சிங்களத்திலும் மற்றதைத் தனக்குத் தெரிந்த தமிழிலும், மெதுவாகச் சொன்னார்:

"மல்லி, கேற்றிலை இருந்து பதினேழு இல்லை. பத்தொன்பது. நான் ஒவ்வொரு நாளும் நடக்கிறது."