கதவுப் பக்கம் இருந்த நாற்காலி

மனைவி மட்டும் வாயைத் திறக்காமல் இருந்தால் தானும் ஒரு தாராளப் பிரபு என்று பேர் வாங்கிவிடலாம். ஆராதனை முடிந்து வீட்டுக்கு வரும் வழியிலேயே நாற்காலிக்காரர் இப்படி முடிவு கட்டிவிட்டார்.

விஷயம் இதுதான். சபையில் பாதிப் பேருக்கு ஊசி போட்டு, மீதிப் பேரைக் கையில் ஏந்திப் பிறக்க வைத்த நர்ஸம்மாவுக்கு இடுப்பில் ஆபரேஷன். தாழ்வான நாற்காலியில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை. நாளெல்லாம் கட்டிலே கதி. உயரமாக, கைப்பிடி உறுதியாக ஒரு நாற்காலி வேண்டும் என்று போதகர் அறிவித்தார். அறிவித்தவர் சும்மா இருந்தாரா? சோபா நாற்காலிகளுக்கு ஸ்பிரிங்கும் பஞ்சும் வைத்துத் தைத்துப் பிழைக்கும் நம்மவரை ஒரு பார்வை பார்த்தார். சபையே திரும்பிப் பார்த்தது. "நான் தர்றேன் ஐயா!" என்று எழுந்து நின்று சொன்ன பிறகுதான் நம்மவர் யோசிக்கவே ஆரம்பித்தார்.

அவரிடம் இருந்தவை இரண்டு. ஒன்று, "இனிமே இது தேறாது, நீங்களே வச்சுக்கோங்க" என்று யாரோ தள்ளிவிட்டுப் போனது. ஸ்பிரிங் எல்லாம் எப்போதோ உயிரை விட்டுவிட்டது, ஆனால் வடிவம் மட்டும் அழகு. அந்த அழகில் மயங்கி, அதே அளவில், நல்ல மரத்தில், தனக்கென்று அவர் செய்துகொண்டது இரண்டாவது. ஊருக்கெல்லாம் செய்த மனிதர் தனக்காகச் செய்தது அது ஒன்றுதான். வேலை முடிந்து அதில் சாய்ந்துவிட்டால் வீடே தீப்பிடித்தாலும் எழுந்திருக்க மாட்டார்.

"எதைக் குடுக்கப் போறீங்க?" என்றாள் மனைவி.

"இதென்ன கேள்வி? பழசுக்குக் கொஞ்சம் பஞ்சை அடைச்சு, புது உறை போட்டா பளபளன்னு ஆயிடும்."

"உட்கார்ந்தா உள்ள போயிடுமேங்க. இடுப்பு ஆபரேஷன் ஆனவங்க."

"அவங்க என்ன குதிக்கவா போறாங்க? மெதுவாத்தான் உட்காருவாங்க. அவங்களுக்கு இது போதும்."

"உங்களுக்கே மனசு ஒப்புதா?"

"ஒப்புது, ஒப்புது. நீ மட்டும் என் நாற்காலியைப் பத்தி யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது."

இப்படிக் கேட்டுக்கொள்ள அவருக்குக் காரணம் இருந்தது. அவர் மனைவிக்குப் பொய் வராது. சிலருக்குப் பாட்டு வராது, சிலருக்குச் சமையல் வராது, இவளுக்குப் பொய். சோபா தைக்கக் கொடுத்த வாத்தியார் ஒருமுறை போனில், "ரெடியா?" என்று கேட்டார். துணியே இன்னும் வெட்டவில்லை. நம்மவர் பதறிப்போய்க் கையைக் காலை ஆட்டினார். அவள் நிதானமாகச் சொன்னாள்: "ரெடின்னு சொல்லச் சொல்லி கை காட்டுறாரு சார்." அந்த வாத்தியார் கோபித்துக்கொள்ளவில்லை, அதற்குப் பிறகு வேறு கடைக்கும் போகவில்லை என்பதை நம்மவர் வசதியாக மறந்துவிட்டார்.

"சரிங்க. அதைப் பத்தி யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேச மாட்டேன்" என்றாள் மனைவி. அவருக்கு அப்பாடா என்று இருந்தது. சொன்னால் சொன்னதுதான் அவள்.

உறை தைப்பது எப்போதும் அவள் வேலை. சாம்பல் நிறத் துணியில் பழசுக்கு ஒரு உறை தைத்து முடித்தவள், "துணி மிச்சம் இருக்கு. உங்க நாற்காலிக்கும் இதே மாதிரி ஒண்ணு போட்டுடட்டுமா? அழுக்காத்தானே இருக்கு?" என்றாள்.

நாற்காலிக்காரர் உருகிப் போனார். இத்தனை வருஷத்துக்குப் பிறகு மனைவி தன் பக்கம் வந்துவிட்டாள் என்றே நினைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை சபையிலிருந்து வண்டி வந்தது. முன்னறையில், ராத்திரி அவர் தூங்கிய பிறகு மனைவி உறை மாட்டி வைத்த இரண்டு நாற்காலிகள், ஒரே துணியில், இரட்டைப் பிள்ளைகள் போல நின்றன. ஒன்று கதவுப் பக்கம், ஒன்று ஜன்னல் பக்கம். உட்கார்ந்து பார்த்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். ஆனால் உறை போட்டு முடித்த நாற்காலியில், அதை வாங்கப்போகிறவர் உட்காருவதற்கு முன் வேறு யாரும் உட்காரக் கூடாது என்பது அவர் கடைச் சட்டம். தொழிலில் அவர் ஒழுங்காகக் காப்பாற்றிய சட்டமும் அது ஒன்றுதான்.

"எதும்மா? கதவுகிட்ட இருக்கிறதா?" என்று மனைவியைக் கேட்டார் நாற்காலிக்காரர்.

"ஆமாங்க. அவங்களுக்குக் குடுக்க வேண்டியது அதுதான்."

"நிச்சயமா?"

"நான் என்னைக்குங்க பொய் சொல்லியிருக்கேன்?"

அதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? ஏற்றச் சொல்லிவிட்டார்.

சபை வாசலில் நர்ஸம்மா கைத்தடியோடு நின்றிருந்தார். "உறுதியா இருக்குமாண்ணே?" என்று போதகர் கேட்டதும் நம்மவருக்கு நெஞ்சு படபடத்தது. படபடத்தால் அவருக்குக் குரல் உயரும். "ஐயா, என் வீட்டுல இதைவிட நல்ல நாற்காலி கிடையாது!" என்று முழங்கினார். மனைவி தலையைக் குனிந்துகொண்டாள்.

நர்ஸம்மா உட்கார்ந்தார். நம்மவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஸ்பிரிங் அலறப்போகிறது என்று காத்திருந்தார். அலறவில்லை. நர்ஸம்மா இரண்டு கைப்பிடியையும் பற்றிக்கொண்டு, யார் கையையும் பிடிக்காமல், தானாகவே எழுந்து நின்றார். நின்றவர் கண்ணில் பொலபொலவென்று தண்ணீர். "தம்பி, ஆபரேஷனுக்கு அப்புறம் இன்னைக்குத்தான் நானா எழுந்திரிச்சேன். ஸ்தோத்திரம்" என்று நம்மவர் கையைப் பிடித்துக்கொண்டார். ஜனங்கள் கை தட்டினார்கள். பஞ்சை அடைத்தே இவ்வளவு செய்யலாம் என்றால் தன் கை லேசுப்பட்ட கையல்ல என்று நம்மவர் எண்ணிக்கொண்டார்.

அந்தப் பெருமையோடு வீட்டுக்கு வந்து, சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, தன் நாற்காலியில் தொப்பென்று விழுந்தார்.

டொய்ங்! ஏதோ ஒன்று அறுந்தது. மனிதர் பாதாளத்துக்குப் போனார். முழங்கால் இரண்டும் காதுக்குப் பக்கத்தில் வந்து நின்றன.

"அடியே! மோசம் பண்ணிட்டியே!"

"என்னங்க மோசம்? ஒரு பொய் சொன்னேனா?"

அவர் யோசித்துப் பார்த்தார். தன் நாற்காலியைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை, நிஜம். கொடுக்க வேண்டியது எது என்று சொன்னாள், அதுவும் நிஜம். போதாக்குறைக்கு, சபை முன்னால் தான் முழங்கியதும் நிஜமாகப் போய்விட்டது! தனக்கே தெரியாமல் தன்னை ஒரு நல்ல மனிதனாக்கிவிட்டாளே என்று அந்தக் குழிக்குள்ளிருந்து அவளை அண்ணாந்து பார்த்தார். கோபம் வரவேண்டிய இடத்தில் அவருக்கு மரியாதைதான் வந்தது.

"நான் எதுல உட்காருறது?" என்றார் பரிதாபமாக.

"அவங்களுக்குப் போதும்னு சொன்னீங்களே, உங்களுக்குப் போதாதா?"

அப்போது போன் அடித்தது. மனைவி எடுத்தாள். போதகர்.

"ஆமாங்கய்யா, வீட்டுலதான் இருக்காரு... அடுத்த ஞாயிறு தாராள மனசைப் பத்தி சாட்சி சொல்லணுமா? இதோ கேக்குறேன்... இப்ப என்ன பண்றாரா?"

நம்மவர் பதறிப்போய், குழிக்குள் இருந்தபடியே இரண்டு கையையும் கூப்பிக் கண்ணை மூடிக் காட்டினார்.

"ஜெபம் பண்றேன்னு சொல்லச் சொல்லி கை காட்டுறாருங்கய்யா. நாற்காலிக்குள்ள மாட்டிக்கிட்டாரு, தூக்கிவிட ரெண்டு ஆளை அனுப்புங்க."