அம்மா கிளம்பாத புயல்

"அம்மா, இது சாதாரணப் புயல் இல்ல. கடல் கொதிச்சுக் கிடக்கு. ஒரே நாள்ல ரெண்டு மடங்கு பலமாயிடும்."

"ஆகட்டும்டா. நான் வீட்டை விட்டு எங்கேயும் வரல."

புவனேஸ்வரத்தில், புயல் ஆராய்ச்சி நிலையத்தில், பன்ஷீதர் ஸ்வாயின் பேச்சுக்குத் தனி மரியாதை. கடல் சூடாகச் சூடாகப் புயல்கள் ஏன் திடீரென்று வலுக்கின்றன என்று அவர் பேசினால், வெளிநாட்டுக்காரர்கள் குறிப்பெடுப்பார்கள். அஸ்தரங்கா கடலோரத்தில் தனியாக இருக்கும் அம்மா குந்தலாவிடம் மட்டும் அந்த ஜம்பம் பலிக்காது.

பயந்தாவது ஊரிலுள்ள புயல் முகாமுக்குப் போகட்டும் என்று புயல் வரும் பாதையின் படத்தை போனில் அனுப்பினார். அதுவே வினையாயிற்று.

"நமக்கு வடக்கேதானே கரையேறுது? வலது பக்கம்தான் காத்து ஜாஸ்தின்னு போன தடவை நீதானே சொன்னே. நாம இடது பக்கம்."

"பாதை மாறலாம்மா."

"மாறும்னு நிச்சயமா சொல்லு, வரேன்."

நிச்சயமாகச் சொல்ல எந்த விஞ்ஞானியால் முடியும்? ஆபீஸ் வண்டியை அனுப்பினார். டிரைவர் மட்டும் திரும்பி வந்தார், கையில் வடகப் பொட்டலத்தோடு.

"அம்மா பழையசோறும் சுட்ட கத்தரிக்காயும் போட்டாங்க சார். கொஞ்சம் அசந்துட்டேன். ஆட்டை விட்டுட்டு வரமாட்டாங்களாம். ஆபீஸ் வண்டில ஆட்டை ஏத்தலாமா சார்?"

மூன்று வருஷமாகப் பன்ஷீதர் தன் ஆராய்ச்சிக்குக் காத்திருந்த புயல் இது. அதை மாணவர்களிடம் விட்டுவிட்டு, காலையில் தானே கிளம்பினார். அம்மாவை விடவா புயல் பெரிது?

குந்தலா வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். கொஞ்சம் மூச்சு வாங்கியது.

"மே மாசப் புயலுக்கு வந்தவன். இளைச்சுட்டியே. சாப்ட்டுட்டுப் போலாம்."

"அம்மா, மழை ஆரம்பிச்சாச்சு."

"மீன் குழம்பு ஆயிடுச்சு."

சாப்பிட்டார். இரண்டாம் தடவையும் போட்டாள். முகாம் நடக்கிற தூரம்தான், ஆனால் ஆடு நடக்க மறுத்தது. அதைத் தோளில் தூக்கிக்கொண்டார். அம்மா இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டு, ஊர்வலம் போவது போல மெதுவாக நடந்தாள். பாதி வழியில் மாணவன் போன் செய்தான்.

"சார், நீங்க சொன்ன மாதிரியே வலுத்துடுச்சு. படத்தைப் பாத்தீங்களா?"

"தோள்ல ஆடு இருக்குப்பா. அப்புறம் பேசறேன்."

முகாமில் அவலும் வெல்லமும் கொடுத்தார்கள். அம்மா பத்திரமாக உட்கார்ந்ததைப் பார்த்ததும்தான் அவருக்கு உயிர் வந்தது.

"ஏண்டா, இனிமே புயல் நிறைய வருமா?"

"எண்ணிக்கை குறையலாம்மா. வர்றது பலமா வரும்."

"குறையுமா?" என்றாள் குந்தலா. முகம் வாடிவிட்டது. மகனுக்குத் தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நல்ல செய்திக்கு எதற்கு அழுகை என்று அவருக்குப் புரியவில்லை.

அவல் கொடுத்துக்கொண்டிருந்த முகாம் பொறுப்பாளர் சஸ்மிதாவிடம் போய் அலுத்துக்கொண்டார். "இவங்களை இங்க கொண்டு வர்றதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு. நான் வராட்டி நீங்க என்னதான் பண்ணுவீங்க?"

சஸ்மிதா சிரித்தாள்.

"நம்ம குந்தலா மௌசியா? நேத்தே முதல் ஆளா வந்து பாய் விரிச்சவங்க அவங்கதான் சார், உங்க வண்டி வருதுன்னு தெரிஞ்சாத்தான் ஆட்டை இழுத்துக்கிட்டு வீட்டுக்கு ஓடறாங்க."