காதுக்குப் பின்னால் ஒரு பொத்தான்

கத்தரிக்கோலைத் தொடாமலே முடி வெட்டக் கற்றுக்கொடுப்பது என்ற உயரிய நோக்கத்தோடு, அந்தத் தொழிற்பயிற்சிப் பள்ளி கடல் கடந்த ஒரு பள்ளியோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. அங்கிருந்து பெட்டி பெட்டியாகக் கைப்பேசிகள் வந்து இறங்கின. கத்தரிக்கோல், சீப்பு, மெஷின் எல்லாம் பாதுகாப்பு கருதி பீரோவுக்குள் போயின.

முடிவெட்டு ஆசிரியருக்கு இதில் வருத்தமே இல்லை. நெற்றியில் சுருண்டு விழும் முன்முடிதான் அவருடைய ஒரே சொத்து. அதைத் தொட மனைவிக்கே அனுமதி கிடையாது. முன்பெல்லாம் பழகத் தலை கிடைக்காத நாளில் மாணவர்கள் அவர் தலையையே பார்ப்பார்கள். இப்போது தலை கைப்பேசிக்குள்ளேயே இருந்தது. விரலால் இழுத்தால் முடி விழும். தப்பாக விழுந்தால் காதுக்குப் பின்னால் ஒரு பொத்தான். அழுத்தினால் முடி பழையபடி வந்துவிடும். வகுப்பில் எல்லாருக்கும் நூற்றுக்கு நூறு.

ஆண்டு முடிவில், நிஜத் தலையில் வெட்டி நேரலையில் காட்டும்படி வெளிநாட்டுப் பள்ளி கேட்டது. முதல்வரின் கண் நேராக அந்த முன்முடியில் போய் நின்றது.

"உங்க தலை எடுப்பா இருக்கு. உட்காருங்க."

ஆசிரியர் முன்முடியைக் கையால் மூடிக்கொண்டார். "நான் போய் உட்காரலாமா சார்? ரெண்டு பள்ளிக்கும் நடுவுல நடக்கிற விஷயம். தலைமைன்னு ஒண்ணு இருக்கில்ல?"

முதல்வருக்கு உச்சி குளிர்ந்தது. அவரே நாற்காலியில் உட்கார்ந்தார்.

வகுப்பில் முதலாவதாக வந்த மாணவி மெஷினை எடுத்தாள். திரையில் பழகிய அதே வேகத்தில், நெற்றியிலிருந்து பிடரி வரை ஒரே இழுப்பு. நடுத்தலையில் பளபளவென்று ஒரு பாதை விழுந்தது. அவள் அலட்டிக்கொள்ளாமல் முதல்வரின் காதுக்குப் பின்னால் அழுத்தினாள். மறுபடியும் அழுத்தினாள்.

"என்னம்மா பண்றே?"

"முடி திரும்பி வரணும் சார். வரமாட்டேங்குது."

"நெட் வீக்கா இருக்கும்டி," என்றாள் பக்கத்தில் நின்றவள். "சாரை ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாரு."

ஆசிரியர் சிரிப்பை அடக்கத் துண்டை வாயில் திணித்துக்கொண்டார். முதல்வர் தலையைத் தடவிப் பார்த்து வாயைத் திறப்பதற்குள், திரையில் வெளிநாட்டுத் தலைமையாசிரியை எழுந்து நின்று கைதட்டினார். அவர் பேசியதைக் கைப்பேசி தமிழில் சொன்னது: "இரு பள்ளிகளுக்கும் இடையே ஒரு திறந்த பாதை. எவ்வளவு ஆழமான சிந்தனை."

முதல்வர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பல மாசமா யோசிச்சுச் செஞ்சதுங்க."

நேரலை ஊரெல்லாம் பரவி, அடுத்த சில நாளில் தெருவில் பாதிப் பேர் தலையில் பாதை ஓடியது. 'நல்லிணக்கப் பாதை' இல்லாதவர்களை நாகரிகம் தெரியாதவர்கள் என்றார்கள். ஆசிரியர் தொப்பி போட்டுச் சமாளித்துப் பார்த்தார். அப்போதுதான் சுற்றறிக்கை வந்தது. ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட ஏதுவாக, ஆசிரியர் அனைவரும் மேற்படி பாதையைத் தத்தம் தலையில் அமைத்துக்கொள்ளக் கடமைப்பட்டவர்கள். பணியை முடிவெட்டு ஆசிரியரிடமிருந்து தொடங்கலாம்.

மற்றவர்கள் வரிசையில் நிற்க, அவர் உட்கார்ந்தார். அதே மாணவி, அதே மெஷின். முன்முடி மடியில் வந்து விழுந்தது. அவருக்கு அழுகையே வந்துவிட்டது. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, கையை மெல்லக் காதுக்குப் பின்னால் கொண்டுபோய் அழுத்திப் பார்த்தார்.

வரிசையில் அடுத்து நின்ற வெல்டிங் ஆசிரியர் குனிந்து ரகசியமாகக் கேட்டார்.

"வருதா சார்?"